அம்மா எங்கே படுக்கிறார்?

படுக்கையறையைப் படம் பிடித்துக் காட்டினால், அதில் படுப்பவரின் குணம் தெரிந்துவிடுமாம்! போர்வை மடிப்புக் கலையாமல் இருந்தால் ஒழுங்கானவர். மெத்தை மேல் துணி குவிந்து கிடந்தால் சோம்பேறி. கிட்டத்தட்ட ஜாதகம் கணிக்கிற மாதிரிதான். எனக்கு இதில் பாதிதான் சம்மதம். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

ஜேம்ஸ் மோலிசன் என்ற புகைப்படக் கலைஞர் பல நாடுகளில் குழந்தைகளையும், அவர்கள் தூங்கும் இடங்களையும் படமெடுத்தார். ‘வேர் சில்ட்ரன் ஸ்லீப்’ என்ற பெயரில் 2010-ல் அது புத்தகமாக வந்தது. டோக்கியோ சிறுமி ஒருத்தியின் அறை முழுக்க உடுப்புகளும் பொம்மைகளும். காத்மாண்டுவில் கல்குவாரியில் வேலை செய்யும் சிறுமிக்கோ, தரையில் விரித்த மெத்தை. அதுவும் உடன்பிறந்தவர்களோடு பங்கு! இதில் குழந்தையின் குணம் எங்கே இருக்கிறது? வீட்டில் யாருக்கு எவ்வளவு இடம் என்பதைத்தான் படம் காட்டுகிறது.

நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். மேல்மலையனூரிலிருந்து ஓர் அம்மாள் என்னிடம் வந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். “ராத்திரியில பொட்டுத் தூக்கம் இல்லீங்க ஐயா” என்றார். நாடி, நா, விழி என்று எண்வகைத் தேர்வும் செய்து, அமுக்கரா சூரணத்தைப் பாலில் சாப்பிடச் சொன்னேன். ஒரு மண்டலம் ஆகியும் பலனில்லை. உடன் வந்த மகனிடம், “தம்பி, அம்மா படுக்கிற இடத்தை செல்போன்ல படம் எடுத்துட்டு வாப்பா” என்றேன்.

வந்த படத்தில் சமையற்கட்டு வாசல். கிரைண்டருக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே ஒரு பாய்! கட்டில் அப்பாவுக்கு, உள்ளறை மகனுக்கு. ராத்திரி யார் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் அம்மாவைத் தாண்டித்தான் போக வேண்டும். சூரணம் என்ன செய்யும், பாவம்!

பாயில் படுப்பது குறையே அல்ல. அங்காளம்மன் கோயிலில் அமாவாசை ஊஞ்சல் உற்சவத்துக்கு வருகிறவர்கள், துண்டை விரித்து வெறுந்தரையில் படுக்கிறார்களே! அங்கே எல்லோருக்கும் ஒரே தரை. வீட்டில்தான் ஒருத்தருக்கு மட்டும் மிச்சமிருக்கிற இடம். சித்த மருத்துவம் அடக்கக் கூடாது என்று சொல்லும் 14 வேகங்களில் தூக்கமும் ஒன்று. பசி வந்தவரைச் சாப்பிட விடாமல் தடுப்போமா? தூக்கத்தை மட்டும் தினமும் தடுக்கிறோம்.

அந்தப் பையன் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். அடுத்த முறை வந்தபோது, “உள்ளறையை அம்மாவுக்குக் கொடுத்துட்டேங்க” என்றான். அம்மாளின் முகத்திலேயே தூங்கிய களை தெரிந்தது.

இன்று இரவு, எதையும் ஒழுங்கு பண்ணாமல், வீட்டில் ஒவ்வொருவரும் படுக்கும் இடத்தைப் படமெடுங்கள். ஊருக்குக் காட்ட வேண்டாம். நீங்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். காற்று வருகிறதா? டி.வி. வெளிச்சம் யார் கண்ணில் விழுகிறது? நடுராத்திரி யாரை எழுப்புகிறோம்? முதல் படம் அம்மா படுக்கும் இடமாக இருக்கட்டும்.