தாச்சியும் நீற்றுப்பெட்டியும்

மாலை நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் இடைப்பட்ட வேளையே மனிதனுடைய மனவுறுதிக்குப் பெருஞ் சோதனை விளைக்கும் வேளை என்று கூறின் மிகையாகாது. காலையில் அளவோடு உண்டவரும், நண்பகலிற் சோற்றைக் குறைத்துக் கறியைக் கூட்டியவரும், தேநீர்க் கோப்பையுடன் ஒரு தட்டு முறுக்கு முன்னே வந்ததும் தம் விரதத்தை மறந்துவிடுகின்றனர். 'இன்று ஒரு நாள்தானே' என்பது அவ்வேளையிற் பிறக்கும் வேதவாக்கு. அந்த ஒரு நாளோ வாரத்தில் ஏழு முறை வருகின்றது.

இவ்வாரம் அந்த மாலைத் தட்டைப் பற்றியே வாசகர்களுடன் அளவளாவ எண்ணுகின்றோம். நாவை ஒறுத்து வாழுமாறு எவருக்கும் உபதேசஞ் செய்வது நமது நோக்கமன்று. விரும்பும் பலகாரத்தின் சுவையை இழவாமலே அதன் சுமையைக் குறைப்பதற்கு வழியுண்டா என்பதே நாம் எடுத்துக்கொண்ட வினா.

இது பொழுதுபோக்கு வினாவன்று. 2018, 2019ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பெற்ற ஓர் ஆய்வு, வளர்ந்தோரில் ஐவருள் ஒருவருக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையோர் எனக் காட்டியது. நம் உற்றாரை விரல்விட்டு எண்ணினால் அந்நோய் புகாத குடும்பம் அரிது என்பது புலனாகும். புகுந்த வீட்டிலே நிகழ்வது யாது? பிள்ளைகளுக்கும் விருந்தினர்க்கும் தாச்சியிற் பலகாரம் பொரிகின்றது; தந்தையார் முன்னே மட்டும் தனித்தட்டில் இரண்டு பிஸ்கற்று வைக்கப்படுகின்றது. அவர் முதல் வாரம் பொறுத்துக்கொள்வார். இரண்டாம் வாரம் எவருங் காணாமல் அடுக்களைப் பேணியைத் திறப்பார். குற்றம் அவருடையதன்று, வீட்டின் நடுவே அவரைத் தனிமைப்படுத்திய ஏற்பாட்டினுடையது.

மாற்று வழியை நாடுமுன் கணக்கைச் சிறிது அறிதல் வேண்டும். மாணவர்கள் விஞ்ஞான பாடத்திற் கற்றதுதான். ஒரு கிராம் மாப்பொருளும் ஒரு கிராம் புரதமும் தனித்தனியே ஏறத்தாழ 4 கலோரி தருவன. ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தருவது. ஆகவே ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி வரையில் அடங்கியிருக்கின்றது. ஒரு தேக்கரண்டி சீனியில் 16 கலோரி. பலகாரத்திற் பெரும் பாரம் எங்கிருந்து வருகின்றது என்பதை இவ்விரண்டு எண்களும் உணர்த்திவிடும்.

பொரிக்கும்போது நிகழ்வதையும் நோக்குவோம். மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுகின்றது. அது விட்டுச் சென்ற நுண்ணிய துளைகளில் எண்ணெய் குடிபுகுகின்றது. அதிலும் பெரும்பகுதி தாச்சியில் இருக்கும்போதன்று, வெளியே எடுத்த பின் ஆறும்போதே உள்ளே இழுக்கப்படுகின்றது. எனவே எடுத்தவுடன் சூட்டோடு எண்ணெயை நன்கு வடியவிடுதல் பயனுடைய செயல். எண்ணெய் போதிய அளவு காயுமுன் மாவை இடுவதும் தீது. பலகாரம் சொதசொதத்து எண்ணெயை மிகுதியாகக் குடிக்கும். மெல்லியதாகத் தட்டிய வடையும் நுண்ணிய இழைகளாகப் பிழிந்த மாவும், பருமனான உழுந்து வடையினும் தம் நிறைக்கு மிகுந்த எண்ணெயை ஏற்கும். மேற்பரப்பு விரிந்தது என்பதே காரணம். கையிலெடுத்தாற் காற்றைப்போல் இலேசாக இருப்பது உடம்பிலும் இலேசாக இருக்கும் என்று எண்ணுதல் கூடாது.

இனி, மாற்று வழிக்கு வருவோம். அதனைத் தேடிக் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. நம் அடுக்களையிலேயே அது நெடுங்காலமாகக் காத்திருக்கின்றது.

பயற்றம் பணியாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வறுத்த பயறு, தேங்காய்ப்பூ, சர்க்கரை ஆகியவற்றைச் சேர்த்து உருட்டி, அரிசிமாக் கரைசலில் தோய்த்துப் பொரிப்பர். கொழுக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதே பயறு, அதே தேங்காய்ப்பூ, அதே சர்க்கரை. அரிசிமாவினுள்ளே பொதிந்து ஆவியில் அவிப்பர். உள்ளீடு ஒன்றே, ஒன்று தாச்சிக்குப் போகின்றது, மற்றையது நீற்றுப்பெட்டிக்குப் போகின்றது. இடையிலுள்ள வேறுபாடு எண்ணெய் மாத்திரமே. ஆடிப்பிறப்பன்று மட்டும் கொழுக்கட்டையை நினைத்து, ஏனைய நாள்களில் அதனை மறந்துவிடுகின்றோம். உள்ளீட்டிற் சர்க்கரையை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, ஒரு சிட்டிகை ஏலப்பொடியும் சிறிது உப்பும் சேர்த்துப் பாருங்கள். குறைத்த செய்தியை நாக்கு எளிதிற் கண்டுகொள்ளாது. அவ்வாறே உழுந்து வடையிற் பிரியமுடையோர் அந்த உழுந்தையே இட்டலியாகவோ, சில துளி எண்ணெயிற் சுட்ட தோசையாகவோ உண்ணலாம்.

உறைப்புச் சிற்றுண்டிகளிலும் இக்கணக்குப் பொருந்தும். முறுக்கு, மிக்சர் முதலியவற்றில் 100 கிராம் ஏறத்தாழ 500 கலோரி தருவது. அவித்த கொண்டைக்கடலை 100 கிராம் தருவது 164 கலோரி. அதனை ஒரு தேக்கரண்டி எண்ணெயிற் கடுகும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் இட்டுத் தாளித்தால் 40 கலோரி கூடும். 10 கிராம் தேங்காய்ப்பூத் தூவினால் 35 கூடும். ஆக மொத்தம் 240 அளவில் நிற்கும். முறுக்கின் பாதியளவுகூட இல்லை. அன்றியும் அக்கடலையில் 9 கிராம் வரையில் புரதமும் போதிய நார்ப்பொருளும் இருத்தலால் வயிறு விரைவில் நிறையும். இராச் சாப்பாடு வரையிற் பசி அணுகாது. நவராத்திரியில் ஒன்பது நாளும் அம்பிகைக்குப் படைக்கும் கடலையும் பயறும் கௌபியும், ஏனைய நாள்களில் நம் பிள்ளைகளுக்கு ஏன் ஆகாவாம்?

பனையையும் மறத்தலாகாது. அவித்த பனங்கிழங்கும், அதனை உலர்த்திப் பெறும் புழுக்கொடியலும் நார்ப்பொருள் மிக்கவை. நன்றாக மென்று உண்ண வேண்டியவை. பத்து நிமிடம் மெல்ல வேண்டிய பண்டத்தை எவரும் அளவுக்கு மிஞ்சி உண்ணார். கொய்யா, பப்பாசி போன்ற பழங்களோ தட்டு நிறைய வெட்டி வைத்தாலும் ஒரு ரோல்ஸின் கணக்கை எட்டுவது அரிது.

இவ்விடத்தில் சில மயக்கங்களையும் நீக்குதல் நம் கடன். சீனிக்குப் பதிலாகச் சர்க்கரையோ பனங்கட்டியோ இட்டால் கலோரி குறையும் எனப் பலர் நம்புகின்றனர். அவற்றின் மணமும் சுவையும் வேறு. சிறிது தாதுப்பொருளும் உண்டு. ஆயினும் கலோரிக் கணக்கில் அவை சீனிக்கு உடன்பிறப்புகளே. நீரிழிவுடையோர் 'இது பனங்கட்டிதானே' என்று தம்மை ஏமாற்றிக்கொள்ளல் ஆகாது. குரக்கன்மாவும் இவ்வகையினதே, அதன் சிறப்பு நார்ப்பொருளிலும் சுண்ணச்சத்திலும் உள்ளதேயன்றிக் கலோரிக் குறைவில் இல்லை. எள்ளும் கச்சானும் நல்லுணவுகள். எனினும் 100 கிராமில் 570 கலோரி அளவு கொண்டவை. ஆதலின் எள்ளுருண்டை ஒன்று போதும். கச்சான் ஒரு சிறு கைப்பிடி போதும். நோயாளர் உணவெனக் கருதப்படும் உப்புப் பிஸ்கற்றும் 100 கிராமில் 400 கலோரிக்கு மேற்பட்டதே. அதிலுள்ள கொழுப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே வேறுபாடு.

உண்பதைக் கணக்கிடுவோர் பருகுவதைக் கணக்கிட மறந்துவிடுகின்றனர். இலங்கையில் 2016ஆம் ஆண்டு முதல் இனிப்புப் பானப் போத்தல்களில் நிற அடையாளம் இடப்படுகின்றது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்ட சீனி உடையது சிவப்பு. அத்தகைய பானம் 300 மில்லிலீற்றர் அருந்தினால் 33 கிராமுக்குக் குறையாத சீனி, அதாவது எட்டுத் தேக்கரண்டிக்கு மேல், உள்ளே சென்றுவிடும். நாள் முழுவதும் உண்ணும் உணவில், சேர்க்கப்படும் சீனி 50 கிராமுக்குள் அடங்க வேண்டும் என்றும், 25 கிராமுக்குள் அடங்கின் இன்னும் நன்று என்றும், 2,000 கலோரி உண்பவருக்குப் பொருந்துமாறு உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டலினின்று கணக்கிடலாம். மாலை வகுப்பு முடிந்து தாகத்தோடு கடைக்கு ஓடும் மாணவன் ஒரே மூச்சில் அவ்வெல்லையைக் கடக்கின்றான். அதே அளவு இளநீரிற் சுமார் 60 கலோரியே உண்டு; உப்பும் இஞ்சியும் இட்ட நீர்மோரில் அதனினுங் குறைவு. தேநீரிலும் நம் முன்னோர் நல்ல வழியொன்று வைத்திருந்தனர். சீனியைக் கோப்பையிற் கரைக்காமல், சிறு பனங்கட்டித் துண்டைக் கடித்துக் கடித்து வெறுந்தேநீரைப் பருகினர். இனிப்பு நாவில் நேரே படுதலாற் சிறு துண்டே போதியதாயிற்று. அத்துண்டு சிறிதாய் இருக்கும்வரையில் அம்முறை இன்றைக்கும் ஏற்றதே.

முன்னோரும் பணியாரம் உண்டவர்கள்தாமே, அவர்களுக்கு இத்துன்பம் இல்லையே எனச் சிலர் வினவக்கூடும். அவர்களுக்குத் தாச்சி அடுப்பேறும் நாள்கள் தீபாவளி, சித்திரைப் புத்தாண்டு, கலியாணம் எனச் சிலவே. அந்நாள்களுக்கு இடையிலே வயலும் தோட்டமும் அவர்களுடைய வியர்வையை வாங்கின. நாமோ திருநாளை வைத்துக்கொண்டே திருநாள் உணவை அன்றாட உணவாக்கிவிட்டோம். அன்றாட உழைப்பையோ கைவிட்டோம். ஆகவே திருநாளிற் பணியாரத்தை மனமுவந்து உண்க. அது திருநாளுக்கே உரியதாய் இருக்கட்டும்.

இரண்டு எச்சரிக்கைகள் கூறி அமைகின்றோம். வளரும் பிள்ளைகளுக்கு உணவு வேண்டும். கலோரிக் கணக்கைக் காட்டி அவர்களைப் பட்டினி போடலாகாது. அவர்களுக்கு மாற்ற வேண்டியது பண்டத்தையன்றிப் பசியாறும் அளவையன்று. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ கொள்பவர், மாலை உணவைத் திடீரெனக் குறைத்தல் இரத்தத்திற் சீனியை மிகத் தாழ்த்திவிடலாம். மருத்துவரைக் கேட்டே மாற்றுக.

இல்லத்தரசிகளுக்கும், அடுக்களையிற் கைகொடுக்கும் ஆடவர்க்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. நோயுற்றவருக்கெனத் தனித்தட்டு வைக்காதீர்கள். நாளை மாலை ஒரு சட்டி கடலையை அவித்துத் தாளித்து, தந்தைக்கும் பிள்ளைகளுக்கும் வந்த விருந்தினர்க்கும் அதனையே பரிமாறுங்கள். தமக்கு இட்டதையே எல்லாரும் உண்ணக் காண்பவருக்குப் பேணியைத் திறக்கும் எண்ணம் தோன்றாது. அதே கடலையை உண்டு வளரும் பிள்ளைகளுக்கு, நாற்பது வயதில் மருத்துவர் தனித்தட்டு விதிக்கும் நிலை நேராதிருக்கவுங் கூடும்.