பட்டா இல்லாத வீட்டுக்குப் புயல் அடிக்காதா?

"மனை யார் பேர்ல இருக்கு தம்பி?" காப்பீட்டு நிறுவனக் கிளையில் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தவர் கேட்டார். கோயில் பெயரில் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அம்மாவின் வீட்டுக்காகப் போயிருந்தேன். வேதாரண்யம் பக்கம் எங்கள் ஊர். தப்பு, ஊர் மேட்டில் இருக்கிறது. நாங்கள் இருப்பது வாய்க்காலைத் தாண்டிப் பள்ளத்தில் கிடக்கும் தெரு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையேறியபோது எங்கள் மண்சுவரும் கீற்றும் போயின. மகளிர் குழுவில் கடன் வாங்கிச் செங்கல் சுவர் எழுப்பி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்டார் அம்மா. அந்தக் கடன் அடைந்ததே போன வருடம்தான். அடுத்த புயலுக்கு இன்னொரு கடன் வேண்டாம் என்று, மாதக்கணக்கில் நிலுவையில் இருந்த ஆய்வு உதவித்தொகை வந்த கையோடு போனேன். கேட்ட பிரீமியம் வருடத்துக்குச் சில நூறு ரூபாய். பணம் இருந்தது. பட்டா இல்லை.

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கில் பேராசிரியர் ஒருவர் "அடித்தட்டு மக்களிடம் காப்பீடு பற்றிய விழிப்புணர்வு இல்லை" என்று வருத்தப்பட்டார். ஐயா, எங்கள் தெருவில் வானிலை அறிக்கையைவிட முன்னதாகக் காற்றின் திசை பார்த்துக் குடும்ப அட்டையையும் சாதிச் சான்றிதழையும் பாலித்தீன் பையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். விழிப்பாக இல்லாதவர்கள் வேறு யாரோ.

2021 ஏப்ரலிலிருந்து 'பாரத் கிரஹ ரக்ஷா' என்று ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீடு நடைமுறையில் இருக்கிறது. புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு எல்லாம் அதில் அடக்கம். திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. அது யாருடைய வீட்டை வீடு என்று நினைத்து எழுதப்பட்டது என்பதுதான் என் கேள்வி. ஓலை, புல், மூங்கில், தார்ப்பாய் என்றால் காப்பீட்டு மொழியில் அது 'கச்சா' கட்டுமானம். தாழ்வான இடம், நீர்நிலை ஓரம் என்றால் ஆபத்து அதிகம். ஆபத்து அதிகமென்றால் பிரீமியமும் அதிகம், அல்லது கைவிரிப்பு. கணக்கு சரிதான். ஆனால் அந்தப் பள்ளத்தை எங்கள் பாட்டன் மனைப்பொருத்தம் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. மேட்டை ஊர் எடுத்துக்கொண்டது, வடிகால் ஓரத்தைச் சேரிக்கு ஒதுக்கியது. சாதி குடிவைத்த இடத்துக்கு இயற்கையின் பெயரில் விலை வைக்கிறார்கள். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார். வரவேற்கிறேன். சொல் போகும், பள்ளம் அங்கேயேதான் இருக்கும்.

காப்பீடு இல்லாவிட்டால் நிவாரணம் இருக்கிறதே என்பார்கள். 2022 முதல் 2026 வரைக்குமான ஒன்றிய அரசின் பேரிடர் நிவாரண விதிகளை எடுத்துப் பாருங்கள். சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். குடிசைக்கு 8,000. குடிசை என்றால் என்ன? கச்சா வீட்டைவிடத் தாழ்ந்தது என்று அந்த விதியே விளக்கம் தருகிறது. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை கூரைகளுக்கும் உண்டு போலிருக்கிறது. போதாக்குறைக்கு, பகுதி சேதமென்றால் அது அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானம் என்ற சான்றும் வேண்டுமாம். சுற்றிச் சுற்றி மறுபடியும் பட்டாவிடமே வந்து நிற்கிறோம்.

இதே அரசுகள் பயிருக்கு என்ன செய்கின்றன? 2016இலிருந்து நடக்கும் பிரதமரின் பயிர்க் காப்பீட்டில், உணவுப் பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 2 விழுக்காடு. மீதிப் பிரீமியத்தை ஒன்றிய அரசும் மாநில அரசும் கட்டுகின்றன. கட்டட்டும், அது தேவைதான். ஆனால் அதே வயலில் நாற்று நட்ட என் அம்மாவின் கூரைக்கு அந்த மீதியில் ஒரு பங்குகூட ஏன் கிடையாது? நெல்லுக்கு நிலம் உள்ளவர் சாட்சி. அம்மாவுக்கு யார்?

"காப்பீடே முதலாளித்துவ ஏமாற்று, அதில் போய் இடம் கேட்பானேன்?" என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். இப்படிக் கேட்கிற தோழர்களின் வீட்டுக் கூரை பெரும்பாலும் கான்கிரீட். எங்களுக்குப் புரட்சி வரும்வரை கூரையும் வேண்டும்.

முடியாத காரியமில்லை. கேரளத்தில் லைஃப் மிஷன் வீடுகளுக்கு முதல் மூன்று ஆண்டுப் பிரீமியத்தை அரசே ஏற்பதாக 2021இல் அறிவித்தார்கள். இங்கே கலைஞர் கனவு இல்லத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் ஒதுக்குகிற அரசுக்கு, வருடத்துக்குச் சில நூறு ரூபாய் பெரிய சுமையா? கடலோர மாவட்டங்களின் சேரிகள் முழுவதையும், கீற்றோ தகரமோ, ஒரே தொகுப்பாகக் காப்பீடு செய்து பிரீமியத்தை அரசு கட்ட வேண்டும். புறம்போக்கு, கோயில் மனை என்று யாரையும் கழிக்கக் கூடாது.

அத்தாட்சி வேண்டுமென்றால் அம்மாவிடம் இருக்கிறது. அங்கீகாரமில்லாத அந்த வீட்டுக்கு ஊராட்சி ஆண்டுதோறும் வீட்டு வரி வாங்குகிறது. ரசீதுகள் எல்லாம் அந்தப் பாலித்தீன் பையில்தான் இருக்கின்றன. கஜாவிலும் நனையவில்லை.