ஹியூமிடிஃபையரை யார் கழுவுறது?

காமர்ஸ் படிக்கிறவனுக்கு இது எதுக்குன்னு கேட்காதீங்க மக்களே. டொராண்டோ குளிரில் ஹீட்டர் ஓடி ஓடி காற்று வறண்டு, மூக்கில் ரத்தமே வருது. அதனால ஹியூமிடிஃபையர் வாங்கினோம். வீட்டில் நாலு பேர், ஒருத்தனும் கழுவலை. நேத்து தொட்டியைத் தொட்டா வழவழன்னு இருக்கு. ராத்திரி முழுக்க இதைத்தான் சுவாசிச்சிருக்கோம்!

"ரெண்டு மூடி கிருமிநாசினி ஊத்துடா"ன்னான் நண்பன். கூடவே கூடாது. தென்கொரியாவில் இந்தத் தண்ணீரில் கலக்குறதுக்குன்னே கிருமிநாசினி விற்றார்கள். அதுவே பலரின் நுரையீரலைக் கெடுத்துக் கொன்றதுன்னு 2011ல் தெரிய வந்தது. செத்தவர்களில் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உண்டு. ஆவியா வர்றது நேரா நெஞ்சுக்குள்ள போகுமே!

தினமும் பழைய தண்ணியைக் கொட்டிடணும். வாரம் ஒருமுறை வினிகரில் ஊறவைத்து, தேய்த்து, நல்லா அலசணும். அவ்வளவுதான் வேலை. அல்ட்ராசானிக் வகைன்னா குழாய்த் தண்ணி மேஜையெல்லாம் வெள்ளைத் தூளாப் படியும். அதுக்குக் காய்ச்சி வடித்த நீர்தான் சரி.

முறை போட்டாச்சு. முதல் வாரம் நான். பிரஷ்ஷைத்தான் காணோம் :-)