டோக்கனுக்காகப் பனியில் வர வேண்டாம்

மார்கழியும் தையும் நீலகிரிக்கு உறைபனிக் காலம். தலைக்குந்தாப் புல்வெளியும் உதகைக் குதிரைப் பந்தய மைதானமும் வெள்ளை விரிப்பு விரித்தாற்போல் கிடக்கும் அந்த விடியற்பொழுதில், அக்காட்சியைக் காண வருவோர் ஒரு பக்கம் நிற்க, வேறு சிலரும் சாலையில் இருக்கிறார்கள். அவர்கள் நம் மருத்துவமனைக்கு வருபவர்கள். மகன் வண்டியை ஓட்ட, பின்னிருக்கையில் ஒருக்களித்து அமர்ந்து, காலில் ரப்பர் செருப்பும் தோளில் ஒரு சால்வையுமாக வரும் தாய்மாரை ஏழு மணிக்கு முன்பே வாயிலில் காண்கிறோம். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்துவிட்டு, முதல் பத்து டோக்கனுக்குள் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம்.

இந்தப் பயணம் பெரும்பாலும் தேவையற்றது. அதற்குக் காரணமானவர்களில் நாங்களும் இருக்கிறோம். வெளிநோயாளர் பிரிவில் பணியாற்றும் எங்கள் கருத்து இதுவே.

நம் உடலின் வெப்பத்தால் தோலையொட்டி மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. அசையாமல் நிற்கும்போது அது நம்மைக் காக்கிறது. காற்று வீசினால் அப்படலம் அடித்துச் செல்லப்படுகிறது. உடல் மீண்டும் மீண்டும் வெப்பத்தை இழக்கிறது. இதனை அளந்து பார்க்க முதன்முதலில் முயன்றவர்கள் அண்டார்க்டிகாவில் ஆய்வு செய்த பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்னும் இருவர். நீர் நிரப்பிய உருளை காற்றில் எவ்வளவு விரைவாக உறைகிறது என்று பார்த்து, 1945-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். மனிதர்களின் முகத்தில் சோதித்துத் திருத்திய புதிய கணக்கு 2001-இல் கனடாவிலும் அமெரிக்காவிலும் நடைமுறைக்கு வந்தது.

அக்கணக்கின்படி, வெப்பநிலை 5 டிகிரி செல்சியசாக இருக்கையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று பட்டால், திறந்த தோல் 0 டிகிரிக் குளிரில் இருப்பதுபோல் வெப்பத்தை இழக்கும். வெப்பநிலையே 0 டிகிரி என்றால், அதே வேகத்தில் அது ஏறத்தாழ மைனஸ் 6 டிகிரிக்கு ஒப்பாகும். மரத்தின் இலைகூட அசையாத அமைதியான காலையாயினும், வண்டி ஓடத் தொடங்கியதும் அந்தக் காற்றை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். வெப்பமானி காட்டும் அளவு இதனால் குறைவதில்லை. உடல் குளிரும் வேகமே கூடுகிறது. மூடுபனியில் ஆடை நனைந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்.

உடல்நலம் உள்ளவர் அரை மணி நேரத்தில் இதிலிருந்து மீண்டுவிடுவார். நோயாளிக்கு அப்படியன்று. குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் ஏறுகிறது. இதயத்தின் வேலைப்பளு கூடுகிறது. நெஞ்சுவலி உள்ளவருக்கு வலி வரலாம். ஆஸ்துமா உள்ளவருக்குக் குளிர்ந்த வறண்ட காற்றே மூச்சுக் குழாயை இறுக்கும். நீரிழிவால் கால் உணர்ச்சி குறைந்தவர், பாதம் விறைத்ததையும் அறியார். இதமாக இருக்கிறதென்று சைலன்சர் பக்கம் காலை வைத்துச் சுட்டுக்கொண்டதையும் அறியார். இன்சுலின் போடுபவருக்கு உடல் நடுங்கினால், அது குளிரா, சர்க்கரை தாழ்ந்ததா என்று பிரித்தறிவது கடினம். வண்டி ஓட்டுபவரின் விரல்கள் மரத்துப்போனால் பிரேக் பிடிப்பதும் தாமதமாகும்; மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவில் அத்தாமதம் சிறிய செய்தியன்று.

இத்தனை துன்பத்திற்குப் பின் வந்து சேர்பவரிடம் நாங்கள் செய்வது என்ன? உடனே கையை நீட்டச் சொல்கிறோம். குளிரில் சுருங்கிய நரம்பு ஊசிக்கு அகப்படுவதில்லை. இரண்டு மூன்று முறை குத்த நேர்கிறது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி குளிர்ந்த விரலில் தவறான அளவைக் காட்டக்கூடும். இரத்த அழுத்தம் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தெரியும். அந்த எண்ணை நம்பி மாத்திரையின் அளவைக் கூட்டினால், குளிருக்கு மருந்து எழுதியவர்கள் ஆவோம்.

ஆகவே நிர்வாகத்திடம் மூன்று வேண்டுகோள்களை வைத்திருக்கிறோம். குளிர்காலம் முடியும்வரை டோக்கனை வந்த வரிசையில் கொடுக்காமல், தொலைபேசியில் நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும். இரத்தப் பரிசோதனைக் கூடம் வெயில் ஏறிய பின்னரும் வெறும் வயிற்று மாதிரிகளை ஏற்க வேண்டும். இருசக்கர வண்டியில் வந்தவரைக் கதகதப்பான அறையில் 20 நிமிடமாவது அமர்த்திய பிறகே அளவுகளை எடுக்க வேண்டும். வரிசை முறைதான் நியாயமானது, முந்தி வந்தவர் முந்திப் பார்க்கட்டும் என்று சொல்வோரும் எங்களுள் உண்டு. பனியில் முந்தி வர வலுவுள்ளவருக்கு முதலிடம் தருவது நோயாளிகளின் வரிசைக்குப் பொருந்தாது என்பதே எங்கள் மறுமொழி.

உங்களிடமும் சில சொல்ல வேண்டும். வெறும் வயிறு என்றால் விடியற்காலை என்று பொருளன்று. இரவு பத்து மணிக்கு உண்டவர் மறுநாள் காலை எட்டு மணிக்கு இரத்தம் கொடுத்தாலும் பத்து மணி நேர இடைவெளி கிடைத்துவிடும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் பரிசோதனைக்கு வெறும் வயிறே தேவையில்லை. எதற்குத் தேவை, எதற்குத் தேவையில்லை என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பேருந்து உள்ள ஊராயின் பேருந்தில் வாருங்கள்.

வண்டியில்தான் வந்தாக வேண்டுமெனில், கம்பளி மட்டும் போதாது; காற்று அதன் இழைகளுக்குள் புகுந்துவிடும். ஸ்வெட்டருக்கு மேல் மழைக்கோட்டு அணியுங்கள். கையுறை, காலுறை, மூடிய காலணி, முகத்தை மறைக்கும் தலைக்கவசம் ஆகியன ஓட்டுபவருக்கும் பின்னால் அமர்பவருக்கும் ஒருசேர வேண்டும். மெதுவாக ஓட்டி, இடையிடையே நிறுத்தி, பின்னால் இருப்பவரோடு பேசுங்கள். சொல் குழறினாலோ, தூக்கக் கலக்கம் தெரிந்தாலோ, அருகிலுள்ள வீட்டிலோ தேநீர்க் கடையிலோ ஒதுங்கி உதவி கேளுங்கள். மரத்த காலை நெருப்பில் காட்டாதீர்கள், வெந்நீரிலும் வைக்காதீர்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல் போன்றவற்றுக்கு இருசக்கர வண்டி வேண்டவே வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்தப் பனியைக் கடந்துதான் மருத்துவம் பெற வேண்டும் என்றால், நோயோடு குளிரையும் உங்கள் மேல் சுமத்துகிறோம் என்றே பொருள். வெயில் ஏறட்டும், பிறகு வாருங்கள். உங்களுக்காக நாங்கள் காத்திருப்பதே முறை.