வாசலிலேயே சரிபார்ப்போம்

2024 ஜூலை 19ஆம் தேதி, சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கணினி உதவியின்றிப் பதிவுசெய்ய நேர்ந்தது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு புதுப்பிப்பே காரணம். விண்டோஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இயங்கிய அம்மென்பொருள் 21ஆவது உள்ளீட்டைத் தேடியது, தரப்பட்டிருந்தவையோ 20தான். உலகெங்கும் சுமார் 8.5 மில்லியன் கணினிகள் முடங்கின.

கெர்னலுக்குள் வரும் எதையும் உள்ளே விடும்போதே சரிபார்க்க வேண்டும். சாதனங்களை இயக்கும் டிரைவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். டிரைவர் தன்னைப் பதிவுசெய்யும்போது கெர்னலிடம் ஒரு பட்டியலைக் கொடுக்கிறது: தொடங்க எதை அழைப்பது, நிறுத்த எதை அழைப்பது என்று. இவைதான் 'கால்பேக்' செயற்கூறுகள். கட்டாயமான ஒன்று காலியாக இருந்தும் பதிவு நடந்துவிட்டால், கெர்னல் அதை அழைக்கும் நாளில்தான் சிக்கல் வெடிக்கும்.

லினக்ஸில் இது நடந்திருக்கிறது. சில நெட்வொர்க் நெறிமுறைகளின் பட்டியலில் ஒரு செயற்கூறு சரியாக நிரப்பப்படாதது 2009 ஆகஸ்டில் தெரியவந்தது. 2001 முதலே இருந்த குறை அது. அதைப் பயன்படுத்திச் சாதாரணப் பயனாளர்கூடக் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடிந்தது.

அதே லினக்ஸில் நல்ல முன்மாதிரியும் உண்டு. கணினி உறைந்துபோனால் அதை மறுபடி தொடங்கவைப்பது 'வாட்ச்டாக்'. தொடங்கும் கால்பேக் இல்லாத வாட்ச்டாக் டிரைவர் வந்தால், லினக்ஸ் பிழை காட்டிப் பதிவை மறுத்துவிடும்.

ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் சரிபார்த்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். அழைப்பு கோடி முறை நடக்கலாம், பதிவு ஒருமுறைதான். அதைவிட முக்கியம், சிரமம் யாருக்கு என்பது. பதிவில் தடுத்தால் டிரைவரை எழுதியவர் திருத்துவார். பிறகு பார்க்கலாம் என்று விட்டால், அவதிப்படுவது பயனாளர். தேக்கா நிலைய உணவுக் கடைகளில் உணவைக் கையாள்பவர் முன்கூட்டியே உணவுப் பாதுகாப்புப் பயிற்சியில் தேற வேண்டும். வாடிக்கையாளருக்கு வயிற்றுவலி வரட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை.

கால்பேக் இருக்கிறதா என்று பார்ப்பதால் அது சரியாக வேலை செய்யும் என்று உறுதியாகிவிடாது. அதற்குத் தனிச் சோதனை தேவை. எல்லாக் கால்பேக்குகளும் கட்டாயமும் அல்ல. எவை கட்டாயம் என்பதை வடிவமைப்பவர் முதலிலேயே எழுதிவைக்க வேண்டும்.

பள்ளித் திட்டப்பணிக்கு நிரல் எழுதும் மாணவர்களும் இதைப் பின்பற்றலாம். கட்டாயமானது இல்லையென்றால், எது இல்லை என்று பெயர் சொல்லி அங்கேயே நிறுத்துங்கள். இரண்டு வரி நிரல் போதும்.