கடல் ஒத்துக்காதவன் சொல்கிறேன்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆணி அதிகம். ஆய்வேட்டு ஆணி வேற, கைடு சுத்தியலோடயே நிக்கிறார். இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன், ஒரு மதுரைக்காரத் தம்பி எழுத வெச்சுட்டான்.

போன வாரம் இங்க புதுசா படிக்க வந்த ரெண்டு பசங்க ஸ்கூபா போகப்போறோம்னு வந்து நின்னாங்க. "போட்ல வாந்தி வருமாடா உங்களுக்கு?"ன்னு கேட்டேன். "சேச்சே, அதெல்லாம் மனசு சம்பந்தப்பட்டதுண்ணே. தைரியமா இருந்தா வராது"ன்னான். சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா 2022 ஜூலையில இதே டயலாக்கை நானும் விட்டிருக்கேன். அது கிட்டத்தட்ட என் கடைசி டயலாக்கா ஆகியிருக்கும்.

(டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இந்த ஆய்வேட்டை முடிச்சாலும் அந்த டாக்டர் ஆகப்போறதில்லை. மாத்திரை விஷயத்துக்கு உங்க மருத்துவரைக் கேட்டுக்குங்க, என்னை நம்பாதீங்க.)

நான் குப்பை கொட்டுறது ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்து மாநிலத்து டவுன்ஸ்வில்லில். கிரேட் பேரியர் ரீஃப் எங்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி. ஓட்டல்ல பாத்திரம் கழுவிச் சேர்த்த காசில் டைவிங் சர்டிபிகேட் வாங்கினேன். குளத்துலயும் கரையோரத்துலயும் எல்லாம் நல்லாத்தான் போச்சு. அந்த ஜூலை விடுமுறையில் வடக்கே சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி இருக்குற கெய்ர்ன்ஸுக்குப் போனோம். கூட வந்தவர் என்னோட சீனியர், தூத்துக்குடி அண்ணன். ஒரு நாள் ட்ரிப்புக்கு ஆளுக்குக் கிட்டத்தட்ட 300 டாலர். எத்தனை தட்டுன்னு கணக்குப் போட்டா அழுகை வரும்.

கரையில் ஒரு படிவம் கொடுத்தாங்க. ஆஸ்துமா இருக்கா, நெஞ்சுவலி இருக்கான்னு வரிசையா கேள்வி. நடுவுல ஒண்ணு, பயணத்தில் அடிக்கடி வாந்தி, தலைசுத்தல் வருமா? நான் பொள்ளாச்சிக்காரன். தாத்தா வீடு வால்பாறை. 40 கொண்டை ஊசி வளைவு. பத்தாவது வளைவைத் தாண்டுறதுக்குள்ள நான் ஜன்னலுக்கு வெளியே தொங்கிட்டு இருப்பேன். ஆனா படிவத்தில் "இல்லை"ன்னு டிக் அடிச்சேன். "ஆமாம்"னு போட்டா இறங்க விடாம உட்கார வெச்சுட்டா 300 டாலர் போச்சே. போதாக்குறைக்கு பக்கத்துல நாலு வெள்ளைக்காரப் பசங்க மளமளன்னு "இல்லை, இல்லை"ன்னு போட்டுட்டு இருந்தாங்க. மானம்!

குவீன்ஸ்லாந்துல குளிர்காலத்துல தென்கிழக்குக் காத்து விடாம அடிக்கும். அன்னிக்கு 25 நாட். வெளி ரீஃப் போய்ச் சேர ரெண்டு மணி நேரம். முதல் அரை மணி நேரம் கீழ்த்தட்டு கேபின்ல உட்கார்ந்து செல்போன்ல படம் பார்த்தேன். (இதைவிட முட்டாள்தனம் இல்லைன்னு இப்போ தெரியும்.) வாயில எச்சில் ஊற ஆரம்பிச்சுது, கை சில்லிட்டுப் போச்சு. ஓடிப்போய் டாய்லெட்டுல ஒளிஞ்சேன். ஜன்னல் இல்லாத, டீசல் நாத்தம் அடிக்கிற, போட்லயே மோசமான இடம் அதுதான். வெளியே வந்தப்போ போட்டுல வேலை பார்க்குற பொண்ணு, நல்லா இருக்கியான்னு கேட்டுச்சு. சிரிச்சுக்கிட்டே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். டைவிங் பாஷையில அதுக்கு "மேல வருது"ன்னு அர்த்தம். ரொம்பச் சரியாத்தான் காட்டியிருக்கேன் :-)

அண்ணன்கிட்டயும் சொல்லலை. இறங்கிட்டோம்.

இறங்கினதும் எல்லாம் சரியாப் போச்சு. இதுதான் இதுல இருக்குற பொறி. அலையோட ஆட்டம் ஆழம் போகப் போக அடங்கிடும். அலைநீளத்தில் பாதி ஆழத்துக்குக் கீழே கிட்டத்தட்ட ஒண்ணுமே தெரியாது. 15 மீட்டர்ல அமைதி, கிளி மீன், ஆமை, நீலச் சொர்க்கம். குணமாயிட்டேன்னே நினைச்சேன். ஆனா மேல ஏறும்போது 5 மீட்டர்ல 3 நிமிஷம் நிக்கணும், உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் மெதுவா வெளியேற. அந்த 5 மீட்டர்ல மேல அடிக்கிற அலை அப்படியே இழுக்கும். தூரத்துல பார்க்க அடிவானமும் கிடையாது, தரையும் கிடையாது, நாலு பக்கமும் வெறும் நீலம். கயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஊஞ்சலாடினேன். ஒரு நிமிஷம் தாங்கியிருப்பேன்.

தண்ணிக்குள்ள வாந்தி வந்தா என்ன செய்யணும்னு வகுப்புல சொல்லிக் குடுத்திருந்தாங்க. வாய்ல இருக்குற ரெகுலேட்டரைக் கழட்டக்கூடாது, கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு அதுக்குள்ளயே எடுத்துட்டு, பட்டனை அமுக்கி காத்தால சுத்தம் பண்ணிட்டு, அப்புறம் மெதுவா இழுக்கணும். கேட்க அருவருப்பா இருக்கும், ஆனா கருவி அதைத் தாங்கும். நான் கழட்டிட்டேன். வாந்தி முடிஞ்ச நொடியில உடம்பு தானா மூச்சை இழுக்கும், அதை யாராலும் நிறுத்த முடியாது. உப்புத்தண்ணி உள்ள போச்சு. மூளை "மேல போ"ன்னு ஒரே வார்த்தைதான் சொல்லுச்சு. காலை உதைச்சேன்.

5 மீட்டர்தானேன்னு நினைக்காதீங்க. அழுத்தப்பட்ட காத்தைச் சுவாசிச்சுட்டு மூச்சை அடக்கிக்கிட்டு மேல பாய்ஞ்சா, அந்த ஆழமே நுரையீரலைக் கிழிக்கப் போதும். அண்ணன் என் ஜாக்கெட்டைப் பிடிச்சு இழுத்து, ஆக்டோபஸ்னு சொல்ற அவரோட உபரி ரெகுலேட்டரை என் வாயில திணிச்சார். மீதி நேரம் முழுக்க என் கண்ணையே பார்த்துக்கிட்டு இருந்தார். ரெண்டு பேரும் பத்திரமா மேல வந்தோம்.

போட்ல ஏறினதும் விட்டார் பாருங்க டோஸ். "ஏல, வாந்தி வருதுன்னு சொல்ல என்னல வெக்கம்? எங்கப்பா முத முதல்ல கடலுக்குப் போனப்போ ஒரு வாரம் வள்ளத்துல சுருண்டு கெடந்திருக்காரு. ஒருத்தரும் சிரிக்கல. உன்கூட எறங்குதேன்னா உன் உடம்பு எனக்குத் தெரியணும்லா? மேல போற வேகத்துல என்னையும்லா இழுத்துட்டுப் போற?"

என்கிட்ட பதில் இல்லை. படிவத்துல நான் சொன்ன பொய் எனக்கு மட்டும்தான்னு நினைச்சிருந்தேன்.

அன்னிக்கு ராத்திரி விடுதியில தூக்கம் வரலை, வால்பாறை பஸ் ஞாபகம்தான். அந்த பஸ்ல யாராவது வெக்கப்பட்டுப் பார்த்திருக்கீங்களா? ஏறும்போதே அம்மா ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லுவாங்க, "பையனுக்கு பஸ்ஸு ஒத்துக்காதுங்க, கொஞ்சம் ஜன்னல் சீட்டு குடுங்க." உட்கார்ந்திருக்கிறவர் எழுந்து இடம் விடுவார். பின்சீட்டுப் பாட்டி எலுமிச்சம்பழத்தைக் கீறி மோந்து பார்க்கக் குடுக்கும். கண்டக்டர் கேரி பேக்கை நீட்டுவார். "ஒத்துக்காது", அவ்வளவுதான். கத்திரிக்காய் சிலருக்கு ஒத்துக்காத மாதிரி. அதுல வீரமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. அதே நான் ரப்பர் சூட்டு மாட்டினதும் எங்கிருந்து வந்துச்சு இந்த ரோஷம்? நம்ம பஸ்ல இருக்குற நாகரிகம் 300 டாலர் போட்ல இல்லைன்னு சொன்னா சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன்.

மனசு சம்பந்தப்பட்டதுன்னு சொல்ற மதுரைத் தம்பிக்காக ஒரு கதை. காதுக்குள்ள, கேக்குற பகுதிக்குப் பக்கத்துலயே, உடம்பு எப்படி அசையுதுன்னு சொல்ற உறுப்பு ஒண்ணு இருக்கு. அது "ஆடுற"ன்னு சொல்லும்போது கேபின் சுவரைப் பார்க்குற கண்ணு "ஆடலை"ன்னு சொல்லும். ரெண்டுக்கும் நடுவுல மூளை குழம்புறதுதான் இந்தக் குமட்டல். 1950களின் கடைசியில விண்வெளிப் பயண ஆராய்ச்சிக்காக அமெரிக்காவின் காலோடெட் கல்லூரியிலிருந்து காது கேளாத 11 பேரைத் தேர்ந்தெடுத்தாங்க. அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு மூளைக்காய்ச்சலால காதோட அந்தப் பகுதியே செயலிழந்து போயிருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கம் கொந்தளிக்கிற கடல்ல ஒரு படகுல ஏத்திப் பார்த்தாங்க. அவங்க பாட்டுக்கு ஜாலியா சீட்டு விளையாடிட்டு இருந்திருக்காங்க. ஆராய்ச்சி பண்ணப் போனவங்க வாந்தி எடுத்து, சோதனையையே நிறுத்த வேண்டியதாப் போச்சு! மனசு எங்க வந்துச்சு இதுல? காது ஒழுங்கா வேலை செய்யுறவனுக்கு வாந்தி வருது. இங்கிலாந்துக் கடற்படைத் தளபதி நெல்சனுக்கே வாழ்நாள் முழுக்க கடல் ஒத்துக்கலை. 1831-லிருந்து 1836 வரை பீகிள் கப்பல்ல சுத்தின டார்வினும் கடல் ஒத்துக்காம படுத்துக் கிடந்திருக்கார்.

மாத்திரை கதையும் சுவாரஸ்யம். 1947-ல அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில தோல் அரிப்புக்கு வந்த ஒரு கர்ப்பிணிக்கு புது மருந்து குடுத்தாங்க. அரிப்பு என்னாச்சோ, டிராம் வண்டியில வர்ற குமட்டல் நின்னு போச்சுன்னு அவங்க வந்து சொன்னாங்க. அதே வருஷம் அட்லாண்டிக்கைக் கடந்த ராணுவக் கப்பல்ல வீரர்களுக்குக் குடுத்து சோதிச்சாங்க. அதுதான் டிராமமைன். நம்ம ஊர்ல அவோமின் தெரியும்ல, அதுவும் அந்த அலர்ஜி மாத்திரைக் குடும்பத்துச் சொந்தக்காரன்தான்.

நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது என்னன்னா, குமட்டல் ஆரம்பிச்ச பிறகு மாத்திரை போட்டுப் புண்ணியமில்லை. அதுக்குள்ள வயிறு வேலைநிறுத்தம் பண்ணிடும், மாத்திரை அங்கயே கிடக்கும், இல்லேன்னா மீனுக்குப் போயிடும். முன்னாடியே போடணும். அதைவிட முக்கியம், முதல் தடவையா போட்லயே போட்டுப் பார்க்கக்கூடாது. தூக்கம் வரும், சில வகைகளுக்கு கண்ணு மங்கும். 20 மீட்டர் ஆழத்துல தூங்கி வழியுறது வாந்தியைவிட மோசம். ஒரு ஞாயித்துக்கிழமை வீட்லயே போட்டுப் பார்த்தேன். ஒரு வகை என்னை மத்தியானம் வரைக்கும் எழுந்திரிக்கவே விடலை. மருந்துக்கடைக்காரம்மாகிட்ட டைவிங் போறேன்னு சொல்லி வேற வாங்கினேன். இஞ்சி மிட்டாய், மணிக்கட்டுப் பட்டையெல்லாம் போட்டுக்குங்க, வேண்டாங்கலை. அதை மட்டும் நம்பி 25 நாட் காத்துல போகாதீங்க.

இன்னொரு விஷயம், இதைப் பத்தி யாரும் அதிகமா பேசுறதில்லை. டைவ் முடிஞ்ச பிறகு வர்ற தலைசுத்தலும் வாந்தியும் சீ சிக்னஸாத்தான் இருக்கணும்னு இல்லை. உள்காதுல அழுத்தக் காயம் ஆனாலும் அப்படி வரும், நைட்ரஜன் குமிழி பிரச்சினையிலயும் வரும். முன்னாடியே "எனக்குக் கடல் ஒத்துக்காது, காலையிலிருந்தே இப்படித்தான்"னு சொல்லி வெச்சிருந்தாத்தான் எது எதுன்னு பிரிச்சுப் பார்க்க முடியும். மறைச்சா அவங்களும் பாவம், எதை வெச்சுக் கண்டுபிடிப்பாங்க?

போட்டுக்காரங்க மேலயும் எனக்குக் கோபம் உண்டு. கரையிலயே, காசு கட்டின பிறகு, பத்துப் பேர் முன்னாடி படிவத்தை நீட்டினா எவன் உண்மையை எழுதுவான்? டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்க. இறங்கலைன்னா அந்த டைவ் காசுல பாதியையாவது அடுத்த தடவைக்குக் கழிச்சுக்குங்க. காசு போகுமேங்கிற பயத்துலதான் என்னை மாதிரி மாணவப் பசங்க பச்சை முகத்தோட தண்ணிக்குள்ள குதிக்கிறாங்க. பாதுகாப்புதான் முதல்ல முதல்லன்னு போர்டு மட்டும் எழுதி வெச்சா ஆச்சா?

2024 நவம்பர்ல யோங்காலா போனோம். 1911 மார்ச்சுல புயல்ல மூழ்கின கப்பல். 122 பேரோட போச்சு, ஒருத்தரும் பிழைக்கலை. மூன்ஷைன்னு ஒரு பந்தயக் குதிரையும் அதுல இருந்துச்சு. ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் அது இன்ன கப்பல்னு உறுதியாச்சு. ஆல்வா பீச்சிலிருந்து அரை மணி நேரம்தான், ஆனா ஒதுங்க ஒரு பவளத்திட்டு கிடையாது. அலை நேரா வந்து அடிக்கும். முந்தின ராத்திரியே மாத்திரை. ஏறினதும் ஸ்கிப்பர்கிட்ட போய் எனக்கு வாந்தி வரும்னு சொன்னேன். அவர் சிரிக்கவே இல்லை. காத்து வர்ற பக்கமா உட்கார வெச்சார், அடிவானத்தைப் பார்க்கச் சொன்னார், முதல் ஆளா தண்ணியில இறக்கிவிட்டார். மேல மிதந்து காத்துக்கிட்டு இருக்குற நேரம்தான் எமன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

அந்த முதல் டைவைப் பத்தித் தனியா எழுதணும். பவளம் மூடின கப்பல் விலா, அதுக்கடியில காளை மாட்டு சைஸுல ஒரு கிரூப்பர் மீன் (நம்ம பக்கம் களவான்னு சொல்றதோட பெரியண்ணன்னு அண்ணன் சொன்னார்).

ரெண்டாவது டைவுக்குள்ள அலை ஏறிடுச்சு. வாயில அந்த எச்சில் ஊறல். அண்ணனைப் பார்த்து, "அண்ணே, எனக்கு ஒத்துக்கலை, நான் வரலை"ன்னேன். "சரிடே, உக்காரு"ன்னுட்டு வேற ஜோடியோட சேர்ந்து இறங்கிட்டார். நான் மேலயே உட்கார்ந்து ரெண்டு தடவை வாந்தி எடுத்தேன், ஒரு பாட்டில் தண்ணி குடிச்சேன். பக்கத்துல இன்னொருத்தன், ஜெர்மனிக்காரன், அவனும் இறங்கலை. எனக்காவது தெரிஞ்சே வந்தேன், அவனுக்கு இதுதான் முதல் தடவை போல, முகம் சுண்ணாம்பு. பையில இருந்த எலுமிச்சம்பழத்தைக் கீறி நீட்டினேன். அதைத் திங்கணுமா, மோந்து பார்க்கணுமான்னு கேட்டான்.