மூலிகைதானே என்று ஐந்து வருடம்...

பெருங்குடலின் உள்சுவர் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அது கருநீலமாக இருந்தால்? ஜப்பானிலும் தைவானிலும் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர்கள், வயதான சிலரிடம் இதைக் கண்டிருக்கிறார்கள். ஸ்கேன் எடுத்தால் குடலை ஒட்டிய சிரைகளில் சுண்ணாம்பு படிந்து கோடு கோடாகத் தெரியும். நோயின் பெயர் 'மெசென்டெரிக் ஃப்ளெபோஸ்க்ளிரோசிஸ்'. வாயில் நுழையாத பெயர்தான், நோயும் மிக அரிதானது.

தமனி வழியாக வந்த ரத்தம் சிரை வழியாகத் திரும்ப வேண்டும். சிரை இறுகிவிட்டால் எங்கே போகும்? அங்கேயே தேங்கும், குடல் தடித்து வீங்கும். வயிற்றின் வலப்பக்கம் வலி, பேதி, வாந்தி, முற்றினால் குடல் அடைப்பு. சிலருக்கோ எந்தத் தொந்தரவும் இருக்காது!

ஆரம்பத்தில் காரணம் பிடிபடவில்லை. பிறகு என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தபோது, பலரும் வருடக் கணக்கில் மூலிகை மருந்து எடுத்தவர்கள் என்று தெரிந்தது. அவற்றில் பொதுவாக இருந்தது கார்டேனியா செடியின் பழம். ஜப்பானியர் உணவுக்கு மஞ்சள் நிறம் ஏற்றுவதும் இதில்தான். பழத்தில் உள்ள ஜெனிபோசைடைக் குடல் பாக்டீரியாக்கள் ஜெனிபின் ஆக மாற்றுகின்றன. ஜெனிபின் புரதத்தோடு சேர்ந்தால் நீலம்! அது சிரைகளுக்குள் போய் அவற்றை இறுக்குகிறது என்று கருதப்படுகிறது. மாதவிடாய் நிற்கும் வயதுத் தொல்லைகளுக்குத் தரும் 'கமி ஷோயோ சான்' மருந்திலும் இந்தப் பழம் உண்டு. பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இதை மூலிகையின் குற்றம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஜப்பானில் இந்த மருந்துகளை ஆங்கில மருத்துவம் படித்த டாக்டர்களே எழுதித் தருகிறார்கள், காப்பீடும் உண்டு. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. தினசரி அளவைப் பார்க்கிறார்கள், மொத்தம் எத்தனை வருடம் ஆயிற்று என்று யாரும் கூட்டுவதில்லை. பழைய பாக்கியைச் சேர்க்காமல் இன்றைய வரவு செலவை மட்டும் எழுதும் கணக்குப் பிள்ளை மாதிரி! சாப்பிடுகிறவரும் 'மூலிகைதானே, பக்க விளைவு ஏது?' என்று டாக்டரிடம் சொல்லாமலே விட்டுவிடுகிறார். அந்த நம்பிக்கை ஜப்பானுக்கு மட்டும் சொந்தமா என்ன?

2018-இல் ஜப்பான் சுகாதார அமைச்சகம், இந்தப் பழம் சேர்ந்த மருந்துகளின் குறிப்பில் எச்சரிக்கை சேர்க்கச் சொன்னது. பெரும்பாலும் 5 வருடத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கே இந்த நோய் வருகிறதாம். அப்படியானால் 'வேறு என்ன மருந்து, எத்தனை வருடமாக?' என்ற கேள்வி சீட்டிலேயே அச்சடித்து இருக்க வேண்டாமா? சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தை நிறுத்துவதே பலருக்குப் போதும். தாமதமானவர்களில் சிலருக்கு வலப்பக்கக் குடலையே வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது.